ஒரு போர்டின் லினக்ஸ் இன்னொரு போர்டில் ஏன் ஓடுவதில்லை?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் எலெக்ட்ரானிக்ஸில் கைவைக்கும் நம் பிள்ளைகள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எங்கே போனாலும் யாரோ ஒருவர் வீட்டு மேசையில் ராஸ்பெர்ரி பை, பீகிள்போன் என்று ஏதாவது ஒரு சின்னக் கணினி போர்டு கிடக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் போனதிலிருந்து ஜோஜோ டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று போனிலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. சிலர் கோயிலில் பூஜை நேரத்தைத் திரையில் ஓட்ட வாங்குகிறார்கள். வாங்கிய சில நாளில் கேள்வி வரும்: "அங்கிள், உபுண்டு டவுன்லோட் பண்ணி கார்டுல போட்டேன், திரையில ஒண்ணுமே வரல, போர்டு செத்துப்போச்சா?"

பெரும்பாலும் சாகவில்லை. நாம்தான் வீட்டுக் கணினியில் பழகிய பழக்கத்தை அப்படியே போர்டுக்குக் கொண்டுவருகிறோம். "லினக்ஸ் போடுறது" (லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், உபுண்டு அதில் ஒரு வகை) என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் நான்கு தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன. அந்த நான்கில் குறைந்தது மூன்று அந்தந்த போர்டைப் பார்த்துத்தான் அமைய வேண்டும், அப்புறம் வரிசைப்படி ஒன்று மற்றொன்றை எழுப்ப வேண்டும். இது தெரியாததால் யூடியூபில் ஒரு போர்டுக்குச் சொன்னதை வேறு போர்டில் செய்துபார்த்து, வராமல் போய், காசு போட்டு வாங்கியதை டிராயரில் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் விளங்கிக்கொள்ள வேண்டியது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை.

எம்பெடட் போர்டு என்று இங்கே நான் சொல்வது, வேறொரு சாதனத்துக்குள் உட்கார்ந்து ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்கான சின்னக் கணினியை. இதில் ப்ராசஸர், கிராபிக்ஸ், யூஎஸ்பி, மெமரி கார்டைப் படிக்கும் பகுதி எல்லாம் ஒரே சிப்புக்குள் அடங்கியிருக்கும். அந்தச் சிப்புக்கு எஸ்ஓசி என்று பெயர்.

சமையற்கட்டுக்கு வந்த புது ஆள்

புரட்டாசிச் சனிக்கிழமை, கோயிலில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சாப்பாடு. வழக்கமாகச் சமைப்பவருக்கு உடம்பு சரியில்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கைதேர்ந்த ஒருவரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். சாம்பார் எப்படி வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இந்தச் சமையற்கட்டு அவருக்குப் புதுசு. டப்பாக்களில் பெயர் ஒட்டியிருந்தால் அவர் பாட்டுக்குப் படித்துப் பார்த்து எடுத்துக்கொள்வார், வேலை ஓடிவிடும். வீட்டுக் கணினி இந்த மாதிரிச் சமையற்கட்டு. எல்லா டப்பாவும் ஒரே மாதிரி, ஒன்றிலும் பெயர் இல்லை, திறந்து முகர்ந்து பார்க்கவும் வழி இல்லை என்றால்? மேல்தட்டில் இடப்பக்கமிருந்து மூன்றாவது மல்லித்தூள், அதற்கடுத்தது பெருங்காயம், காஸ் வால்வு கதவுக்குப் பின்னால் என்று யாராவது ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். போர்டு இந்த இரண்டாவது வகை.

அவர் வருவதற்கு முன்பே ஒருவர் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பட்டியல் எங்கே என்று காட்ட வேண்டும். ஸ்டோர் ரூமில் அரிசி, பருப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய சமையல்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இப்போது பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். கதவு திறப்பவர் பூட்லோடர், சமையல்காரர் கெர்னல், சுவரில் ஒட்டிய பட்டியல் டிவைஸ் ட்ரீ, ஸ்டோர் ரூம் சரக்கு ரூட் ஃபைல்சிஸ்டம். நான்கு சாமான் என்று சொன்னது இவைதான். ஒப்பீடு இதோடு போதும், இனி நேராக விஷயத்துக்கே போகலாம்.

கணினி தன்னைப் பற்றிச் சொல்லும், போர்டு சொல்லாது

கணினியில் நீங்கள் செருகும் யூஎஸ்பி மவுஸ் முதல் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு வரை ஒவ்வொன்றும் தன்னுடைய தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் கேட்டால் சொல்லிவிடும். மதர்போர்டில் யூஇஎஃப்ஐ என்ற மென்பொருள் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. என்னென்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை அது லினக்ஸிடம் ஒரு பொது முறைப்படி கொடுத்துவிடும். வெல்காமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய உபுண்டுவை ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றி எந்த நிறுவனத்து லேப்டாப்பில் செருகினாலும் பெரும்பாலும் ஓடுகிறதென்றால், அதற்குக் காரணம் அந்த லேப்டாப்புகள் எல்லாம் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லத் தெரிந்தவை.

போர்டில் முதல் தடை, மொழி. லேப்டாப்புக்கு நாம் வழக்கமாக இறக்கும் உபுண்டு, இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் கட்டளைகளில் எழுதப்பட்டது. பெரும்பாலான போர்டுகளில் இருப்பது ஆர்ம் வகை ப்ராசஸர், அதற்கு அந்தக் கட்டளைகள் புரியாது. சரி, ஆர்முக்கான உபுண்டுவையே இறக்கினால்? அப்போதும் இரண்டாவது தடை அப்படியே நிற்கும், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஓர் உதாரணம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். போர்டுகளில் ஐ-டூ-சி என்று ஒரு இணைப்பு உண்டு. இரண்டே கம்பியில் பல சின்னச் சிப்புகளைத் தொங்கவிடலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண். அந்த எண்ணைக் கூப்பிட்டால் அந்தச் சிப் "இருக்கிறேன்" என்று பதில் தரும், அவ்வளவுதான். தான் யார் என்று சொல்லாது. நேரம் காட்டும் டிஎஸ்3231 சிப்பின் முகவரி ஹெக்ஸ் 68 (ஹெக்ஸ் என்பது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறை). அசைவைக் கண்டுபிடிக்கும் எம்பியூ6050 சென்சாரின் முகவரியும் அதே ஹெக்ஸ் 68! கூப்பிட்ட இடத்திலிருந்து பதில் வருகிறது, சரி, வந்தது கடிகாரமா அசைவு சென்சாரா? லினக்ஸுக்கு அதைத் தெரிந்துகொள்ள நம்பகமான பொது வழி எதுவும் இல்லை. மனிதர் ஒருவர் எழுதிவைக்க வேண்டும்.

ஐ-டூ-சி மட்டும் இல்லை, எஸ்ஓசிக்குள் இருக்கும் பாகங்களும் அப்படித்தான். சீரியல் வாய் நினைவகத்தின் எந்த முகவரியில், மெமரி கார்டுக்கு மின்சாரம் எந்தப் பின் (சிப்பின் கால்) வழியாகப் போகிறது, இந்த எல்இடி எந்தக் காலில் என்று எதையும் போர்டு சொல்லாது. ஒரே எஸ்ஓசியை வைத்து இரண்டு நிறுவனங்கள் போர்டு செய்தால்கூட இந்த வயரிங் வேறுவேறாக இருக்கும். அதனால்தான் "ரெண்டிலும் ஒரே சிப் தானே" என்று நினைத்து ஒன்றின் இமேஜை (கார்டில் எழுதுவதற்கான முழு நகலை) மற்றொன்றில் போட்டால் ஈதர்நெட் வராது, எச்டிஎம்ஐ வராது, சில நேரம் எதுவுமே வராது.

இதுவரை பார்த்தது: கணினி தன்னைப் பற்றித் தானே சொல்கிறது, போர்டு சொல்வதில்லை. அதனால் போர்டுக்கு எழுதிய லினக்ஸ், அந்த போர்டைத் தெரிந்தவர் எழுதிய விவரத்தோடுதான் வர வேண்டும்.

மின்சாரம் வந்த நொடியில்

எஸ்ஓசிக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த, நம்மால் மாற்ற முடியாத ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதற்கு பூட் ராம் என்று பெயர் (ரேமோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது படிக்க மட்டுமே முடிகிற நினைவகம்). மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது இதுதான். இதற்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம்: குறிப்பிட்ட சில இடங்களில் அடுத்த நிரலைத் தேடு, கிடைத்தால் ஓட்டு.

அடுத்த நிரல்தான் பூட்லோடர், அதாவது வன்பொருளைத் தயார்செய்து லினக்ஸை நினைவகத்தில் ஏற்றிவிடும் மென்பொருள். போர்டுகளில் அதிகம் புழங்குவது யூ-பூட். வுல்ஃப்காங் டெங்க் என்ற ஜெர்மானியர் தொடங்கிவைத்தது, இந்தப் பெயர் 2002-இல் வந்தது. இது இரண்டு துண்டாக ஓடுவதுண்டு, காரணம் சுவாரசியமானது. போர்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரிய ரேம், மின்சாரம் வந்த உடனே வேலை செய்யாது. அதன் வேகம், நேரக்கணக்கு எல்லாவற்றையும் யாராவது அமைத்துக்கொடுத்த பிறகுதான் எழும். அதுவரை எஸ்ஓசிக்குள் இருக்கும் கொஞ்சூண்டு நினைவகத்தில்தான் காலம் தள்ள வேண்டும். பீகிள்போன் பிளாக்கில் ரேம் 512 எம்பி. ஆனால் முதல் துண்டுக்குக் கிடைக்கும் இடம் நூற்றுச் சொச்சம் கேபிதான். முழு யூ-பூட் அதில் அடங்காது. அதனால் ஒரு குட்டி யூ-பூட் முதலில் வந்து ரேமை எழுப்பும், பிறகு முழு யூ-பூட் அந்த ரேமில் ஏறும்.

"தேடு" என்றேனே, எங்கே தேடும் என்பது ஒவ்வொரு எஸ்ஓசிக்கும் வேறு. பீகிள்போன் பிளாக், கார்டின் முதல் பகுதியில் எம்எல்ஓ என்ற பெயருள்ள கோப்பைத் தேடுகிறது. ஆல்வின்னர் சிப்புகள் கோப்பையெல்லாம் பார்ப்பதில்லை, கார்டின் தொடக்கத்திலிருந்து 8 கேபி தள்ளி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கின்றன. ராக்சிப் சிப்புகள் 64-ஆவது செக்டாரில், அதாவது 32 கேபி தள்ளிப் பார்க்கின்றன. ராஸ்பெர்ரி பையோ தனி வழி: அதில் முதலில் எழுவது ஆர்ம் ப்ராசஸர் இல்லை, கிராபிக்ஸ் பகுதி. யூ-பூட் இல்லாமலேயே தன் சொந்த மென்பொருளால் லினக்ஸை ஏற்றிவிடுகிறது.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பத்துக்கு விடை இருக்கிறது. இறக்கிய இமேஜ் கோப்பை கார்டுக்குள் இழுத்துப் போட்டால் ஏன் ஓடவில்லை? இமேஜ் என்பது ஒரு முழு கார்டின் அச்சு நகல். பகுதிகள் எங்கே தொடங்குகின்றன என்ற அட்டவணை, 8 கேபியிலோ 32 கேபியிலோ உட்கார வேண்டிய பூட்லோடர், அப்புறம் கோப்புகள், எல்லாம் அந்தந்த இடத்தோடு சேர்ந்தது. அதை ஒரு கோப்பாக கார்டில் வைத்தால், பூட் ராம் பார்க்கும் இடத்தில் ஒன்றுமே இருக்காது. முதல் பைட்டிலிருந்து கார்டின் மேலேயே எழுத வேண்டும், பலேனா எட்சர், ராஸ்பெர்ரி பை இமேஜர், லினக்ஸில் டிடி கட்டளை எல்லாம் செய்வது அதைத்தான். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தாலும் இதே கதி, கோப்புகள் வரும், கோப்புகளுக்கு வெளியே இருந்த பூட்லோடர் வராது.

டிடியைப் பயன்படுத்துகிறவர்கள் எந்த டிஸ்க் என்று பெயரை நிதானமாகச் சரிபாருங்கள், அது கேள்வி கேட்காமல் லேப்டாப் டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடும். டேட்டா தீர்ந்து டவுன்லோட் பாதியில் நின்று மறுபடி தொடர்வது இங்கே சகஜம் என்பதால், எழுதுவதற்கு முன் செக்சம்மையும் ஒத்துப்பாருங்கள். செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண். ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். இறக்கும் பக்கத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் உங்களிடம் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கெர்னலும் அதன் பட்டியலும்

கெர்னல் என்பது வன்பொருளுக்கும் மற்ற எல்லா நிரலுக்கும் நடுவில் நின்று நினைவகம், ப்ராசஸர் நேரம், சாதனங்கள் எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொடுக்கும் மையப் பகுதி. லினக்ஸ் என்று 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது இதை மட்டும்தான். குறிப்பிட்ட ஒரு சாதனத்தோடு பேசத் தெரிந்த கெர்னல் துண்டுக்கு டிரைவர் என்று பெயர். டிஎஸ்3231 கடிகாரத்துக்கு டிரைவர் கெர்னலில் ஏற்கெனவே உண்டு. இல்லாதது, "இந்த போர்டில், இந்த ஐ-டூ-சி கம்பியில், ஹெக்ஸ் 68-இல் அந்தக் கடிகாரம் இருக்கிறது" என்ற தகவல்.

அந்தத் தகவலைத்தான் டிவைஸ் ட்ரீ சுமக்கிறது. மனிதர் படிக்கிற மாதிரி எழுதிய ஓர் உரைக்கோப்பு, அதைச் சுருக்கி கெர்னல் படிக்கிற மாதிரி ஆக்கினால் டிடிபி என்ற சின்னக் கோப்பு. அதற்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பத்தி, சாதனம் எந்த முகவரியில், எந்தக் கம்பியில், எந்த டிரைவருக்கு உரியது என்று. டிரைவரோடு பொருத்துவது, இரண்டிலும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டிய ஒரு பெயர். டிவைஸ் ட்ரீயில் ஒரு எழுத்து தப்பினாலும் டிரைவர் தன் ஆளை அடையாளம் காணாமல் சும்மா இருந்துவிடும், பிழை என்றுகூடச் சொல்லாது. யூ-பூட் கெர்னலை ரேமில் வைக்கும், டிடிபியையும் ரேமில் வைக்கும், டிடிபி எங்கே இருக்கிறது என்ற முகவரியை ப்ராசஸரின் ஒரு ரிஜிஸ்டரில் (அதற்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவிடத்தில்) எழுதிவிட்டு கெர்னலுக்குத் தாவும். கெர்னல் எழுந்ததும் அங்கே போய்ப் படிக்கும்.

முன்பு இப்படி இல்லை. ஆர்ம் போர்டு ஒவ்வொன்றுக்கும் அதன் வயரிங்கை சி மொழியில் எழுதி கெர்னலுக்குள்ளேயே செருகினார்கள். போர்டுகள் பெருகப் பெருக அந்தக் குப்பை கெர்னலில் குவிந்தது. 2011-இல் டோர்வால்ட்ஸே பொறுக்க முடியாமல் கடுமையாகக் கண்டித்தார். அதன் பிறகுதான் ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீக்கு மாறியது. புதிதாகக் கண்டுபிடித்ததல்ல, சன் கணினிகளிலும் பவர்பிசி கணினிகளிலும் முன்பே புழங்கிய ஏற்பாடு. பவர்பிசியில் லினக்ஸ் ஓட்டுவது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது: கேரூவில் மீர்கேட் தொலைநோக்கிக்கு முன்னோடியாக நின்ற கேட்-7, அதன் 7 ஆன்டெனாக்களிலிருந்து வரும் சிக்னல்களைக் கலந்து கணக்கிட ரோச் என்ற போர்டுகளைப் பயன்படுத்தியது. அந்த போர்டை வடிவமைத்ததில் கேப் டவுனில் இருந்த குழுவுக்குப் பெரிய பங்கு, அதிலிருந்த பவர்பிசி சிப்பில் ஓடியது லினக்ஸ்தான். எம்பெடட் லினக்ஸ் ஏதோ தூரதேசத்துச் சமாச்சாரம் என்று நம் பிள்ளைகள் நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

போர்டில் பிறகு நீங்களாக ஒரு சிப்பைச் சேர்த்தால் முழு டிவைஸ் ட்ரீயையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. ஓவர்லே என்ற சின்ன இணைப்புக் கோப்பு போதும், பூட் ஆகும்போது மூலத்தோடு சேர்ந்துகொள்ளும். ராஸ்பெர்ரி பையில் டிஎஸ்3231-க்கான ஓவர்லே தயாராகவே வருகிறது, கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. போர்டில் ஒரு சென்சார் "கண்டுபிடிக்கவில்லை" என்று புலம்புவதற்கு முன் அதன் வரியை எழுதினோமா என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க யாரும் முயற்சியே செய்வதில்லை.

சுருக்கமாக: டிரைவருக்கு ஒரு சாதனத்தோடு பேசத் தெரியும். அந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று சொல்வது டிவைஸ் ட்ரீ. இரண்டும் இருந்தால்தான் சாதனம் உயிர்பெறும்.

ஸ்டோர் ரூமில் சரக்கு

கெர்னல் எழுந்து எல்லாச் சாதனத்தையும் தயார் செய்துவிட்டது. அப்புறம்? அதற்கு ஓட்ட ஒரு நிரல் வேண்டும். ரூட் ஃபைல்சிஸ்டம் என்பது அந்த நிரல்கள், அவை பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் துண்டுகளான லைப்ரரிகள், அமைப்புக் கோப்புகள் எல்லாம் இருக்கும் கோப்பு மரம். கெர்னல் அதைத் திறந்து இனிட் என்ற முதல் நிரலை ஓட்டும், மற்றதெல்லாம் இனிட்டிலிருந்து கிளம்பும். நாம் டெபியன், உபுண்டு என்று பெயர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த நான்காவது சாமானைத்தான். அதனால்தான் "என் போர்டில் டெபியன் ஓடுமா" என்ற கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. டெபியனின் கோப்பு மரம் ஆர்மில் நன்றாக ஓடும், மற்ற மூன்றையும் உங்கள் போர்டுக்கு யார் செய்து தந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கோப்பு மரத்தை நாமே கட்டவும் செய்யலாம். பில்ட்ரூட் என்ற கருவி சில எம்பிக்குள் அடங்கும் குட்டி மரத்தைக் கட்டித்தரும். யாக்டோ இன்னும் விரிவானது, பொருள் தயாரிக்கும் கம்பெனிகள் விரும்புவது, ஆனால் டிஸ்க் இடத்தையும் டேட்டாவையும் கண்டபடி தின்னும். முதல் போர்டுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. இவற்றை லேப்டாப்பில்தான் கட்டுவோம், ஆனால் விளைவு ஆர்மில் ஓட வேண்டும். இப்படி ஒரு வகை ப்ராசஸரில் உட்கார்ந்து இன்னொரு வகைக்கு நிரல் தயாரிப்பது கிராஸ் கம்பைல். அப்படித் தயாரித்ததை மறந்துபோய் லேப்டாப்பிலேயே ஓட்டினால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று வரும், அது கோளாறு இல்லை, வேறு ஊர்க்காரர் என்று சொல்கிறது அவ்வளவுதான்.

திரையைப் பார்க்காதீர்கள், சீரியலைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்றை வற்புறுத்துவேன்: போர்டோடு சேர்த்து ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிளும் வாங்குங்கள், ரொம்ப மலிவு. எச்டிஎம்ஐ திரை எழ வேண்டுமென்றால் பூட்லோடர், கெர்னல், டிவைஸ் ட்ரீ, கிராபிக்ஸ் டிரைவர் அத்தனையும் சரியாக இருக்க வேண்டும். திரை கறுப்பாக இருந்தால் இதில் எது கெட்டது என்று சொல்லவே முடியாது. சீரியல் கன்சோல் என்பது போர்டு எழுத்தெழுத்தாகத் தன் நிலையைச் சொல்லும் வாய், அது பூட்லோடரின் முதல் துண்டிலிருந்தே பேசத் தொடங்கிவிடும்.

கேபிளின் யூஎஸ்பி முனை லேப்டாப்பில், மறுமுனை போர்டில். போர்டுப் பக்கம் மூன்று கம்பி போதும். கிரவுண்டுக்கு கிரவுண்ட், போர்டின் அனுப்பும் பின்னுக்குக் கேபிளின் வாங்கும் பின், மற்றது எதிர்மாறாக. பீகிள்போன் பிளாக்கில் ஜே1 என்ற 6 பின் வரிசையில் 1 கிரவுண்ட், 4 வாங்குவது, 5 அனுப்புவது. கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்க வேண்டும், 5 வோல்ட் சிக்னல் உள்ளே போனால் அப்போது போர்டு நிஜமாகவே சாகலாம். கேபிளின் சிவப்பு மின்சாரக் கம்பியை எதிலும் இணைக்கவே வேண்டாம். வேகம் பெரும்பாலும் நொடிக்கு 115200 பிட். பல ராக்சிப் போர்டுகளில் 1500000. வேகம் தப்பினால் லேப்டாப் திரையில் புரியாத குறிகளாகக் கொட்டும், அப்போது போர்டைக் குறை சொல்லாமல் வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

இனி, பேச்சு எங்கே நின்றது என்று பார்த்தாலே நான்கில் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். பீகிள்போன் பிளாக் "சி" என்ற ஆங்கில எழுத்தை மட்டும் வரிசையாக அச்சடித்துக்கொண்டே போனால், பூட் ராம் எங்கேயும் பூட்லோடரைக் காணாமல் சீரியல் வழியாகவாவது யாராவது அனுப்புங்கள் என்று கேட்கிறது என்று பொருள், கார்டை எழுதிய விதத்தில் கோளாறு. யூ-பூட் பெயர் வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் நிறுத்துகிறேன் என்று சொல்லி நொடிகளை எண்ணி, பிறகு கோப்பு கிடைக்கவில்லை என்றால், பூட்லோடர் நலம், கெர்னலோ டிடிபியோ அது தேடும் பெயரில் இல்லை. "ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்ற வரியோடு அமைதியாகிவிட்டால் முதல் சந்தேகம் தப்பான டிடிபி மேல், இரண்டாவது கெர்னலுக்குக் கொடுத்த கன்சோல் பெயர் மேல். சில நேரம் கெர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், வேறொரு வாயில் பேசிக்கொண்டிருக்கும். பக்கம் பக்கமாக எழுத்து ஓடி, கடைசியில் "கெர்னல் பேனிக்" என்று வந்து ரூட் எஃப்எஸ்ஸை (அதாவது ரூட் ஃபைல்சிஸ்டத்தை) மவுண்ட் செய்ய, திறக்க, முடியவில்லை என்றால், மூன்று சாமான் சரி, நான்காவது கிடைக்கவில்லை. பெரும்பாலும் கார்டின் எத்தனையாவது பகுதி என்ற எண் தப்பாக இருக்கும். எதுவுமே வரவில்லையா, மின்சாரத்தையும் கம்பிகளையும் பாருங்கள். போன் சார்ஜ் செய்யும் மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் இறங்கிவிடும். ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் மின்னல் குறி காட்டுவது அதனால்தான்.

கரண்ட் போகும் ஊரில் போர்டு

லோட் ஷெடிங் காலத்தை நாம் மறக்க முடியாது. 2024 மார்ச் கடைசியில் நின்று பல மாதம் நிம்மதியாக இருந்தாலும், 2025-இல் மறுபடி வந்துபோனது. அது இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று ஏதாவது வரும். டேங்கைப் பார்க்கும் போர்டு யாரும் கவனிக்காத மூலையில் இருப்பதால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

எஸ்டி கார்டு ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் உள்ளே ஒரு பெரிய கட்டத்தையே எடுத்து வேறிடத்தில் எழுதி, பழையதை அழிக்கும். அந்த நடுவில் கரண்ட் போனால், நீங்கள் தொடாத கோப்புகூடக் கெடலாம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறை தன் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து மீட்கும், கார்டு தன் உள்ளே செய்யும் குழப்பத்தை அதனால் மீட்க முடியாது. நல்ல வழி, எழுதாமலேயே இருப்பது. கார்டைப் படிக்க மட்டும் என்று திறந்து, மாற்றங்களை எல்லாம் ரேமில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஓவர்லே ஃபைல்சிஸ்டம் என்று பெயர் (டிவைஸ் ட்ரீ ஓவர்லேக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). ராஸ்பெர்ரி பையில் அமைப்பு மெனுவிலேயே இருக்கிறது. அளவுகளைச் சேமிக்க வேண்டுமென்றால் அதற்கு மட்டும் தனிப் பகுதி ஒதுக்குங்கள்.

வைஃபை ரவுட்டருக்கு வாங்கிய மினி யூபிஎஸ் பல வீடுகளில் சும்மா இருக்கிறது, அதையே போர்டுக்கும் போடலாம். அதன் 5 வோல்ட் வாய் எத்தனை ஆம்பியர் தரும் என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பை 4-க்கு 3 ஆம்பியர் சொல்லியிருக்கிறார்கள், 2 ஆம்பியர் தரும் வாயில் அது பாதியில் தள்ளாடும்.

அப்புறம் நேரம். ராஸ்பெர்ரி பை 4 வரை வந்த மாடல்களில் கரண்ட் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்தில்தான் நேரத்தைக் கேட்டுக்கொள்ளும். கரண்ட் திரும்பி வந்தாலும் இணையம் வரத் தாமதமானால், உங்கள் டேங்க் அளவுகள் பழைய தேதியில் பதிவாகும். பட்டன் பேட்டரியோடு வரும் டிஎஸ்3231 கடிகாரத்தை மாட்டுவது இதற்காகத்தான்.

எதை வாங்குவது, எதில் தொடங்குவது

போர்டைத் தேர்வு செய்யும்போது எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று பார்ப்பதை விட, அந்த போர்டின் டிவைஸ் ட்ரீ மெயின்லைன் கெர்னலில், அதாவது டோர்வால்ட்ஸ் வெளியிடும் பொதுக் கெர்னலில், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்தடுத்த கெர்னல் வரும்போதும் போர்டு கூடவே வரும். இல்லாமல், விற்பவர் தன் இணையப்பக்கத்தில் வைத்த ஒரே ஒரு பழைய இமேஜை மட்டும் நம்பி இருந்தால், அவர் கைவிட்ட நாளிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அப்படிப்பட்ட போர்டை இணையத்தோடு இணைத்து வருடக்கணக்கில் விடுவது நல்லதில்லை. வேகம் அதிகம், விலை குறைவு என்று கவர்ச்சியாக இருக்கும் பல போர்டுகள் இந்த வகை. பீகிள்போன் பிளாக் 2013-இல் வந்த பழைய போர்டு, வேகம் இல்லை. ஆனால் மெயின்லைனில் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது, படிப்பதற்கு அதைப் போல இன்னொன்று இல்லை.

வாங்கியதும், தயாரிப்பாளர் கொடுத்த இமேஜையே முதலில் எழுதி, சீரியலில் கடைசிவரை ஓடுவதைப் பாருங்கள். அந்த எழுத்துகளை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள், நலமாக இருக்கும் போர்டு எப்படிப் பேசும் என்பதற்கு அதுதான் உங்களுக்கு அளவுகோல். அதற்குப் பிறகு நான்கில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்ற மூன்றையும் தொடாதீர்கள். புது கெர்னல் என்றால் பழைய கோப்பு மரத்தோடு, புது கோப்பு மரம் என்றால் பழைய கெர்னலோடு. பூட்லோடரை மாற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். அதையும் போர்டின் உள் சேமிப்பில் மாற்றாமல் கார்டில் மாற்றினால், பீகிள்போன் பிளாக்கில் எஸ்2 பட்டனை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்துப் புதியதைச் சோதிக்கலாம், சரியாக வராவிட்டால் கார்டைப் பிடுங்கிவிட்டால் பழையதே எழுந்து வரும்.